பொருளைக் கேட்பதா, வகுப்பைக் கேட்பதா?

"பசு பால் தரும்" என்கிறோம். "எங்கள் பசு இன்று பால் தரவில்லை" என்றும் சொல்கிறோம். இரண்டு கூற்றும் மெய்யே. ஒன்று மற்றதை மறுப்பதில்லை. முன்னது பசு என்னும் இனத்தைப் பற்றியது. பின்னது கொட்டிலிற் கட்டி நிற்கும் ஒரு பசுவைப் பற்றியது. தருக்கம் கற்றோர் இவற்றைச் சாதி என்றும் வியத்தி என்றும் பெயரிட்டுப் பிரித்தனர். அப்பெயர்களை ஒருநாளும் கேட்டிராத சிறு பிள்ளைகூடப் பேச்சில் இவ்விரண்டையும் மயங்கவிடுவதில்லை. அப்படியிருக்க, அதே பிள்ளை வளர்ந்து, உயர்தர வகுப்பில் கணிதமும் கற்று, கணினியின் முன்னே அமர்ந்தவுடன் இனத்திடம் கேட்க வேண்டியதை ஒன்றிடமும், ஒன்றிடம் கேட்க வேண்டியதை இனத்திடமும் கேட்டுவிட்டு, பொறி பிழை சொல்கிறது என்று வருந்துவது ஏன்? பல ஆண்டுகளாகத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பித்து வரும் எமக்கு இவ்வினா ஓயாத வினாவாகவே இருந்து வருகின்றது.

கணினி அறியாத வாசகர் இவ்விடத்திற் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. விடயம் கடினமானதன்று. கணினிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளைத் தொகுதியைச் செய்நிரல் என்கிறோம். அதனை எழுதும் வழிகளுள் ஒன்று, உலகிலுள்ள பொருள்களைப் போலவே கணினிக்குள்ளும் பொருள்களை ஆக்கி, அவற்றிடம் வேலை சொல்வது. மாணவர் பலரைப் பற்றிச் செய்நிரல் எழுத வேண்டுமாயின், 'மாணவன்' என்றால் இன்னது, அவனுக்குப் பெயர் உண்டு, புள்ளிகள் உண்டு, இன்னின்னது செய்வான் என்று முதலில் ஓர் இலக்கணம் வகுத்துக்கொள்கிறோம். அதற்கு வகுப்பு என்று பெயர். அந்த இலக்கணத்தின்படி பின்னர் ஒருவர் ஒருவராக ஆக்கப்படுபவை தனிப்பொருள்கள். செய்விக்கும் தொழில்களை முறைகள் என்கிறோம். அவற்றுட் சில தனிப்பொருளுக்கு உரியவை: "உன் பெயர் என்ன?", "உன் சராசரி என்ன?" என்பன போல. வேறு சில வகுப்புக்கே உரியவை: "இதுவரை எத்தனை மாணவர் ஆக்கப்பட்டனர்?", "புதிய மாணவன் ஒருவனை ஆக்கித் தா" என்பன போல.

சீமெந்துக் கல் அரிவோரை வாசகர் கண்டிருப்பர். அச்சு ஒன்று, அதனால் அரியப்படும் கற்கள் பல. "நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு?" என்பதை அச்சிடம் கேட்கலாம். "நீ வெடித்திருக்கிறாயா?" என்பதைக் கல்லிடந்தான் கேட்க வேண்டும். அச்சைத் தட்டிப் பார்த்துவிட்டு, "கல் நல்ல கல்" என்று சொல்லும் மேசனை எவரும் வேலைக்கு வைத்துக்கொள்ளார். எம் மாணவர் செய்வது பெரும்பாலும் இதுவே.

இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பாரும் உளர். அவர்களுக்காக ஒன்றைச் சொல்வோம்.

பாடத்திட்டத்துக்கு அப்பாலும் சிறிது கற்க விரும்பும் மாணவர் சிலர் மாலை வேளைகளில் எம்மிடம் வருவதுண்டு. அவர்களுள் ஒருவன் சுறுசுறுப்பானவன். ஆனால் எதையும் விரைந்து முடித்துவிட விரும்புபவன். அவனுடைய தாயார் அயலிலுள்ள பாடசாலை ஒன்றில் ஒன்பதாந் தரத்துக்கு வகுப்பாசிரியை. தவணை முடிவில் முப்பத்தெட்டுப் பிள்ளைகளின் புள்ளிகளையும் கூட்டிச் சராசரி கண்டு தேர்ச்சி அறிக்கை எழுதுவது அவருக்கு மூன்று இரவுகளின் வேலை. தாயின் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க எண்ணி, மகன் பைதன் மொழியிற் செய்நிரல் ஒன்று எழுதினான். நல்ல எண்ணந்தான்.

'மாணவன்' என்ற வகுப்பையும், அதற்குள் 'புள்ளி சேர்' என்ற முறையையும் அவன் எழுதினான். பைதன் மொழியில் தனிப்பொருளுக்குரிய முறை ஒவ்வொன்றிலும் முதலாவது இடம் அந்தப் பொருளுக்கே ஒதுக்கப்பட்டிருக்கும். அதனை வழக்கமாக 'செல்ப்', அதாவது 'தான்', என்று எழுதுவர். அடுத்த இடந்தான் புள்ளிக்கு உரியது. தனிப்பொருளைக் கொண்டு முறையை அழைத்தால், 'தான்' என்ற இடத்தைப் பைதன் தானே நிரப்பிவிடும். நம் மாணவனோ இன்ன மாணவன் என்று சொல்லாமல், வகுப்பின் பெயரையே சொல்லி "மாணவன், புள்ளி சேர், 78" என்ற வகையில் அழைத்துவிட்டான். பொறி என்ன செய்யும்? வந்த ஒரே ஒரு பெறுமானமாகிய 78-ஐ 'தான்' என்ற முதலாம் இடத்தில் இருத்திவிட்டு, இரண்டாம் இடம் வெறுமையாக இருக்கக் கண்டு, "புள்ளி தரப்படவில்லை" என்று பிழை சொன்னது.

இந்தப் பிழைச் செய்தியை வாசகர் சற்றே ஊன்றி நோக்க வேண்டும். பையன் தந்தது புள்ளி ஒன்றுதான். பொறியோ அந்தப் புள்ளியையே தரவில்லை என்கிறது. இல்லாமற் போனது மாணவன். அதனைப் பொறி சொல்லவில்லை. சொல்லவும் அதற்கு வழியில்லை. 78 என்பதே மாணவன் என்றல்லவா அது கொண்டுவிட்டது! பைதன் கற்கத் தொடங்குவோரை இவ்வளவு அலைக்கழிக்கும் செய்தி வேறு சிலவே இருக்கும் என்பது எம் அநுபவம். "சேர், புள்ளியைக் கொடுத்தேன்; கொடுக்கவில்லை என்கிறதே!" என்று எத்தனையோ பிள்ளைகள் எம்மிடம் முறையிட்டிருக்கின்றனர்.

அன்று அவன் எம்மிடம் வரவில்லை; தோழன் ஒருவனிடம் கேட்டான். தோழன், "முறைக்கு மேலே 'கிளாஸ்மெதட்' என்று ஒரு வரி எழுதிவிடு, பிழை போய்விடும்" என்றான். அப்படி எழுதினால் அது வகுப்புக்குரிய முறையாகிவிடும். முதலாம் இடத்தில் தனிப்பொருளுக்குப் பதிலாக வகுப்பே வந்து அமரும். முதற் பிழை போயிற்று. வேறொரு பிழை வந்தது. புள்ளிகளின் பட்டியல் ஒவ்வொரு மாணவனிடமும் தனித்தனியே இருக்குமாறு அவன் முன்னர் எழுதியிருந்தான். இப்போது பொறி, "வகுப்பிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லையே" என்றது. பையன் பட்டியலைத் தூக்கி வகுப்பிலேயே வைத்தான். அப்புறம் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. நோயைத் தீர்க்காமல் நோயாளியின் வாயைக் கட்டிவிட்டால் முனகல் கேளாது.

ஒரு பிள்ளையின் புள்ளிகளைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தான். சராசரி சரியாக வந்தது. முதலாம் பிள்ளைக்குச் சரியாகத்தானே வரும்! இரண்டாம் பிள்ளைக்கு என்ன நேரும் என்பதைச் சிறு கணக்கினாற் காட்டுவோம். முதற் பிள்ளையின் புள்ளிகள் 80, 90, சராசரி 85. அடுத்த பிள்ளையின் புள்ளிகள் 40, 50. சராசரி 45 ஆதல் வேண்டும். ஆனால் பட்டியல் ஒன்றேயாகையால் நான்கு எண்களும் அதில் உள. பொறி தருவது 65. மூன்றாம் பிள்ளை 90, 96 பெற்றவள். 93 என்று வரவேண்டிய இடத்தில் ஆறு எண்களையும் கூட்டிப் பங்கிட்டு 74.3 என்கிறது பொறி. இவ்வாறு இடாப்பிற் கீழே செல்லச் செல்ல, கெட்டிக்காரரும் மந்தமானவரும் ஒருவரை ஒருவர் நெருங்கி, எல்லோரும் ஒரே மட்டத்துக்கு வந்து சேருவர்.

தாயார் முதல் அறிக்கையைக் கையாற் கூட்டிப் பார்த்தார், சரியாக இருந்தது. மிகுதியை நம்பிக் கையொப்பமிட்டு வீடுகளுக்கு அனுப்பிவிட்டார்.

இடாப்பிற் கடைசிப் பெயருக்குரிய பெண் பிள்ளை ஒவ்வொரு தவணையும் தொண்ணூறுக்குக் குறையாத சராசரி எடுப்பவள். அவளுடைய அறிக்கையில் ஐம்பத்தைந்து சொச்சம் இருந்தது. மறுநாள் அவள் பாடசாலைக்கு வந்தபோது கண்கள் வீங்கியிருந்தன. தகப்பனார் கடிந்திருக்கிறார், பாடப் புள்ளிகளைத் தனித்தனியே கூட்டிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை, அச்சிட்ட எண்ணை எவர் ஐயுறுவார்? வாய் திறவாமல் அவள் தான் கூட்டிய கணக்கை ஆசிரியையிடம் நீட்டினாள். அன்றிரவு அந்தத் தாயார் முப்பத்தெட்டு அறிக்கைகளையும் மீண்டும் கையினாலேயே எழுதினார். கெட்டிக்காரப் பிள்ளைக்கு நேர்ந்ததைத் திருத்துவது எளிதாக இருந்ததாம். இடாப்பின் நடுவில் இருந்த பையன் ஒருவனுக்கு உண்மைச் சராசரி முப்பத்தொன்று, அறிக்கையில் ஐம்பத்தெட்டு. அவன் தந்தையார் மகிழ்ந்து, துவிச்சக்கரவண்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாராம். அந்த அறிக்கையை அவன் கையிலிருந்து திரும்பப் பெற்றதுதான் தமக்குப் பெருந்துன்பமாக இருந்தது என்று அவ்வாசிரியை எம்மிடம் சொன்னார்.

அவர் எம்மிடம் வந்ததன் காரணம் வேறு. மகன் இனிக் கணினியைத் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டான். பாடத்தையே மாற்றிக்கொள்ளப் போகிறானாம். "எனக்கு இது வராது" என்பது அவன் முடிவு. இந்தச் சில எழுத்துக்களால் நாம் இழந்த நல்ல மாணவர் பலர். ஆகையால் அவனை அழைத்து, செய்நிரலைத் திறந்து வைத்து, ஒன்றை மட்டும் காட்டினோம். கடைசிப் பிள்ளைக்குப் பொறி தந்த ஐம்பத்தைந்து சொச்சம் பொய்யான எண் அன்று. முப்பத்தெட்டுப் பேரின் எல்லாப் புள்ளிகளுக்கும் அதுவே மிகத் திருத்தமான சராசரி. முழு வகுப்பின் சராசரி என்ன என்று ஒருவர் கேட்டிருந்தால், அந்த முறை அப்படியே நிற்கத் தக்கது. ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. கேட்கப்படாத கேள்விக்குச் சரியான விடையை அவன் எழுதியிருந்தான். "தம்பி, நீ கூட்டலிற் பிழைவிடவில்லை, ஆளைத்தான் மாறிக் கேட்டுவிட்டாய்" என்றோம். சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பட்டியலை மாணவனிடமே திரும்ப வைத்தான். 'கிளாஸ்மெதட்' என்ற வரியை நீக்கினான். ஒவ்வொரு மாணவனையும் முதலில் ஆக்கி, அவன் பெயரிலேயே முறையை அழைத்தான். எம் உதவி அதன் பின் வேண்டியிருக்கவில்லை.

இந்த மயக்கத்திலே தமிழ்ச் சொல்லுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எம் கருத்து. ஆங்கிலச் சொல்லை வகுப்பு என்று பெயர்த்துக்கொண்டோம். பிழையான பெயர்ப்பு அன்று. ஆனால் எங்கள் பிள்ளைகளுக்கு வகுப்பு என்றவுடன் மனத்தில் எழுவது மேசை, கதிரை, கரும்பலகை, அதற்குள் நாற்பது பிள்ளைகள். எனவே வகுப்பு என்பது மாணவரைத் தன்னுள் அடக்கிய ஒரு கூடம் என்றே கருதிவிடுகின்றனர். வகுப்பிடம் சொன்னால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் கேட்கும் என்று எண்ணுகின்றனர். செய்நிரலில் வரும் வகுப்போ எவரையும் உள்ளே வைத்திருப்பதில்லை. மாணவன் என்றால் என்ன என்பதை மட்டுமே அது அறியும். தனக்குப் பிறந்தவர்களின் கணக்கை வைத்துக்கொள்ளும்படி நாம் எழுதினாலன்றி, அவர்கள் எத்தனை பேர் என்பதும் அதற்குத் தெரியாது. இந்தப் பாடத்தைத் தொடங்கும்போது நாம் மாணவன், வகுப்பு என்ற உதாரணத்தையே விட்டுவிட்டுக் கல்லையும் அச்சையும் எடுத்துக்கொள்வது இதனாலேயே.

அச்சு உவமையும் முழுதும் பொருந்துவதன்று. கல் அரியும் அச்சு வாய் பேசாது. செய்நிரலின் வகுப்பு பேசும். அது பேசத் தொடங்கிய வரலாறு சுவையானது. நோர்வே நாட்டின் ஒஸ்லோ நகரில் ஓலே யோகான் டால், கிறிஸ்தன் நிகார்ட் என்ற இருவர் உலக நிகழ்ச்சிகளைக் கணினியிற் போலச்செய்து ஆராய்வதற்கென்று சிமுலா என்னும் மொழியை ஆக்கினர். 1967 ஆம் ஆண்டுக்குரிய சிமுலாவிலேயே வகுப்பு, பொருள் என்ற கருத்துக்கள் இன்றைய வடிவை அடைந்தன. அதன் பின் அமெரிக்காவிலே, செரொக்ஸ் நிறுவனத்தின் பாலோ அல்ற்றோ ஆய்வு நிலையத்தில், அலன் கே, டான் இங்கோல்ஸ், அடேல் கோல்ட்பேர்க் முதலியோர் 1970-களில் ஸ்மோல்ரோக் என்ற மொழியை வளர்த்தனர். அங்கே யாவும் பொருளே என்பது கொள்கை. யாவும் பொருளாயின் வகுப்பும் ஒரு பொருளாதல் வேண்டும். பொருளாயின் அதற்கும் ஒரு வகுப்பு வேண்டும். ஸ்மோல்ரோக்-80 என்னும் வடிவத்தில் ஒவ்வொரு வகுப்புக்கும் அதற்கே உரிய மேல்வகுப்பு ஒன்றைக் கொடுத்தனர். அதனால் ஒவ்வொரு வகுப்பும் தனக்கென வேறான முறைகளை வைத்துக்கொள்ள முடிந்தது. வகுப்புக்குரிய முறை என்று நாம் இன்று சொல்வது இவ்வாறு வேரூன்றியது.

அக்காலத்து அறிஞர்க்கும் இது தலை சுற்றும் விடயமாகவே இருந்தது என்பதை மாணவர் அறிந்தால் ஆறுதல் அடைவர். ஸ்மோல்ரோக்கின் திரையிலே தனிப்பொருளின் முறைகளைக் காட்ட ஓர் அழுத்தியும் வகுப்பின் முறைகளைக் காட்ட ஓர் அழுத்தியும் அருகருகே இருந்தன. எது அழுத்தியிருக்கிறது என்று பாராமல் தவறான பக்கத்தில் எழுதிவிட்டு, எழுதிய முறையைக் காணோமே என்று தேடுவது புதியவர்களுக்கு வழக்கமாயிற்று. கற்போரும் கற்பிப்போரும் ஒருங்கே இடறும் இடம் இந்த மேல்வகுப்பே எனக் கண்டு, அதனை நீக்கிவிடலாம் என்று 1987 இல் ஆய்வாளர் இருவர் ஒரு கட்டுரையில் முன்மொழிந்தனர்.

பின்வந்த மொழிகள் இதனை எழுதிய விதங்களிலே எமக்கு விருப்பும் வெறுப்பும் உண்டு. ஒப்ஜெக்ரிவ்-சி என்னும் மொழியில் வகுப்புக்குரிய முறையின் முன்னே கூட்டற் குறியும், தனிப்பொருளுக்குரியதன் முன்னே கழித்தற் குறியும் இடுவர். பார்த்த மாத்திரத்தே தெரிந்துவிடும். எம் மனத்துக்கு அது பிடித்திருக்கிறது. 1995 இல் வெளிவந்த ஜாவாவோ 'ஸ்ரற்றிக்' என்ற சொல்லைக் கையாளுகிறது. அசையாதது என்று பொருள்படும் அச்சொல் சி மொழியிலிருந்து சி பிளஸ் பிளஸ் வழியாகக் கை மாறி வந்தது. மாணவனுக்கு அது எதையும் விளக்குவதில்லை. 'அசையாத இடத்திலிருந்து அசையும் முறையை அழைக்க முடியாது' என்ற பொருளில் ஜாவா தரும் பிழைச் செய்தியைக் கண்டு, எது அசைகிறது, எங்கே அசைகிறது என்று மாணவர் திகைப்பது நியாயமே. பைதன் மொழி 1991 இல் வெளியாயினும், வகுப்புக்குரிய முறையை எழுத முறையான வழி அதற்குக் கிடைத்தது 2001 இலேதான்.

பைதனிலே வேடிக்கையான ஒரு சோதனையை மாணவர் தாமே செய்து பார்க்கலாம். நாள்களைக் குறிக்கும் 'டேற்' என்ற வகுப்பிலிருந்து 1948 பெப்ரவரி 4 என்ற தனிப்பொருளை ஆக்குக. அதனிடம் 'ருடே', அதாவது 'இன்று', என்ற முறையை அழைக்க. 1948 என்று வரும் என எதிர்பார்ப்பீர்கள். வருவதோ நீங்கள் கணினியின் முன்னே அமர்ந்திருக்கும் இந்த நாள். 'இன்று' என்பது வகுப்புக்குரிய முறை. எந்தத் தனி நாளைக் கொண்டு அழைத்தாலும் அந்த நாளை அது ஏறெடுத்தும் பாராது. இவ்வாறு அழைப்பதைப் பைதன் தடுப்பதுமில்லை. தடுத்திருந்தால் நன்றாயிருக்கும் என்பது எம் போன்ற ஆசிரியர்களின் மனக்குறை.

முன்னர் நாம் சொன்ன பையன் பாடத்தை மாற்றவில்லை. இப்போது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு. சென்ற மாதம் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தான். ஜாவா மொழியிலே ஒரே செய்நிரலுக்குள் இரண்டு வேலைகளை ஒருங்கே ஓடவிடும்படி பயிற்சி தந்திருக்கின்றனர். அவ்வாறு ஓடும் ஒவ்வொன்றையும் இழை என்பர். இரண்டாவது இழை ஐந்து விநாடி உறங்க வேண்டும் என எண்ணி, அதன் பெயரைச் சொல்லி 'ஸ்லீப்' என்று முதலாவது இழையிலிருந்து கட்டளையிட்டிருக்கிறான். இரண்டாவது இழை உறங்கவேயில்லை; கட்டளையிட்ட முதலாவது இழையே உறங்கிப் போயிற்று. 'ஸ்லீப்' வகுப்புக்குரிய முறை. எவருடைய பெயரைச் சொல்லி அழைத்தாலும் அழைத்தவரையே அது உறங்க வைக்கும். "பாதி இரவு அதற்கும் எனக்கும் உறக்கமில்லை, சேர், பிறகு யாரைக் கேட்கிறேன் என்று பார்த்தேன்" என்று எழுதியிருந்தான். கடிதத்தின் அடியில் ஒரு செய்தி. தாயார் இந்தத் தவணையும் தேர்ச்சி அறிக்கைகளை அவனுடைய செய்நிரலைக் கொண்டே தயாரித்தாராம். முதற் பிள்ளை, நடுப் பிள்ளை, கடைசிப் பிள்ளை ஆகிய மூவரின் சராசரியையும் கையாற் கூட்டிப் பார்த்த பின்புதான் கையொப்பமிட்டாராம்.